தீவின் வாசலில் காத்திருக்கும் உயிரினங்கள்

2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் உயிரியலாளர்கள் ஒன்றுகூடி, தங்கள் தீவுக்கு இன்னும் வந்து சேராத, ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்குள் வந்து வேரூன்றிவிடக்கூடிய வேற்றிட உயிரினங்கள் எவை என்று ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். ஹெலன் ராய் என்னும் சூழலியலாளர் தலைமையேற்ற அந்த முயற்சியில் 591 இனங்கள் பரிசீலிக்கப்பட்டன. அவற்றுள் 93 இனங்கள் நடுத்தர அபாயமோ அதற்கு மேற்பட்ட அபாயமோ உடையவை என்று முடிவாயிற்று. வருகை, நிலைபெறல், பாதிப்பு ஆகிய மூன்றிலும் முழு மதிப்பெண் பெற்று, அனைவருடைய ஒப்புதலோடும் முதலிடத்தில் வைக்கப்பட்டது, கருங்கடல் பகுதியைத் தாயகமாகக் கொண்ட குவாகா என்னும் சிறிய நன்னீர்ச் சிப்பி. அந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், லண்டனுக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களுக்கு அருகே ஓடும் ரேஸ்பரி ஆற்றில் அந்தச் சிப்பி கண்டெடுக்கப்பட்டது. அதே பட்டியலில் உச்சியிலிருந்த இனங்களுள் ஒன்றான ஆசியக் குளவி 2016இல் இங்கிலாந்தில் தென்பட்டது.

இந்த நிகழ்வை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம், அதில் வெற்றியும் தோல்வியும் ஒருசேர இருப்பதுதான். கணிப்பு மிகச் சரியாக இருந்தது; ஆனால் அவ்வளவு சரியாகக் கணிக்கப்பட்ட உயிரினத்தின் வருகை தடுக்கப்படவில்லை. ஒரு தீவின் உடல்நலத்தையும் பொருளாதாரத்தையும் நாளை எந்த உயிரினம் அச்சுறுத்தும் என்று அறிவது இன்று பெரும்பாலும் இயலக்கூடிய காரியமே. அறிந்த பெயருக்கு, அது வந்து சேருவதற்கு முன்பே, ஒரு பொறுப்பாளரையும் ஒரு நிதியையும் ஒதுக்கி வைப்பதுதான் அரிதாக நடக்கிறது என்பது என் எண்ணம்.

தீவுகளைத் தனியாக எடுத்துப் பேசுவதற்கு வலுவான காரணம் உண்டு. பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் மன்றம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் உலகெங்கும் 37,000க்கும் மேற்பட்ட அயல் இனங்கள் புதிய இடங்களில் நிலைபெற்றுள்ளன. அவற்றுள் 3,500க்கும் மேற்பட்டவை கேடு விளைவிக்கும் ஆக்கிரமிப்பு இனங்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் அவற்றால் நேர்ந்த இழப்பு 42,300 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். ஆக்கிரமிப்பு இனங்களையே முதன்மைக் காரணமாகக் கொண்டு பதிவாகியுள்ள அழிவுகளில் 90 விழுக்காடு தீவுகளில் நிகழ்ந்தவை என்றும் அதே மதிப்பீடு கூறுகிறது. இதைப் பறவைகளின், நத்தைகளின் துயரமாக மட்டும் படிப்பது போதாது. இரண்டு மூன்று பயிர்களையும் கடற்கரைக்கு வரும் பயணிகளையும் நம்பி வாழும் சிறிய தீவில் ஒரு பயிர் வீழ்ந்தால் அதை ஈடுகட்டப் பக்கத்து மாவட்டம் என்று ஒன்று கிடையாது. ஒரு புதிய நோய் பரவினால் நோயாளிகளை அனுப்பிவைக்கப் பக்கத்து நகரமும் கிடையாது. அதே வேளையில், கண்டத்தில் உள்ள நாடுகளுக்கு வாய்க்காத ஒரு நன்மையும் தீவுக்கு உண்டு. அதன் வாசல்களை எண்ணிவிடலாம். சில துறைமுகங்கள், ஒன்றிரண்டு விமான நிலையங்கள், அவற்றின் வழியே வரும் சரக்குகள் ஆகியவற்றைக் கவனித்தால் பெரும்பாலான வழிகளைக் கவனித்ததாகிவிடும்.

கணிப்பு நடக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில், தாவரங்கள், பூச்சிகள், நன்னீர் உயிரினங்கள், கடல் உயிரினங்கள், முதுகெலும்பிகள் என்று துறைவாரியாகப் பிரிந்த வல்லுநர் குழுக்கள், ஒத்த தட்பவெப்பம் கொண்ட வேறிடங்களில் ஏற்கெனவே கேடு செய்த இனங்களையும், தீவோடு வணிகத் தொடர்புள்ள நாடுகளில் பரவிவரும் இனங்களையும் தொகுக்கின்றன. வேறோர் இடத்தில் ஆக்கிரமித்த வரலாறு உண்டா என்பதே இதுவரை அறியப்பட்ட அடையாளங்களுள் மிக நம்பகமானது. பிறகு ஒவ்வோர் இனத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: வந்து சேரும் வாய்ப்பு எவ்வளவு, வந்தபின் இனம்பெருக்கி நிலைக்கும் வாய்ப்பு எவ்வளவு, நிலைத்தால் விளையும் கேடு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு மூன்றையும் பெருக்குகிறார்கள், உச்சம் 125. இறுதியில் எல்லாக் குழுக்களும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றவர் கேள்விக்கு உட்படுத்தி, ஒருமித்த வரிசைக்கு வருகின்றன.

கடைசியில் நிகழும் அந்த விவாதத்தைச் சிலர் அறிவியலுக்குப் புறம்பான சடங்காகக் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பெருக்கல் முறையில் ஒரு குறை உள்ளது: மூன்றிலும் நடுத்தரமாக மும்மூன்று மதிப்பெண் பெறும் இனத்துக்கு 27 கிடைக்கும், வருவதற்கு அரிதான, ஆனால் வந்துவிட்டால் உறுதியாக நிலைத்துப் பேரழிவு செய்யக்கூடிய இனத்துக்கு ஒன்று, ஐந்து, ஐந்து என்ற கணக்கில் 25தான் கிடைக்கும். கணக்கை மட்டும் நம்பினால் பேரழிவு பின்வரிசைக்குப் போய்விடும். எதிரெதிரே அமர்ந்து பேசும்போதுதான் இத்தகைய இடறல்கள் வெளிப்படுகின்றன. அதோடு, மீன் வல்லுநர் தம் மீனுக்கு இடும் ஐந்தும் களை வல்லுநர் தம் களைக்கு இடும் ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல. அவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதற்கு உரையாடலைத் தவிர வேறு கருவி இன்னும் நம்மிடம் இல்லை.

மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவுக்காக இம்முறை பின்பற்றப்பட்டபோது, முழுத் தீவையும் ஒன்றாகக் கருதி, அங்கு அப்போது இல்லாத 225 இனங்களைப் பரிசீலித்து, அவற்றுள் 100 இனங்களை நடுத்தரம் முதல் மிக உயர்ந்தது வரையிலான அபாயம் உடையவையாக வரிசைப்படுத்தினார்கள். இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, 225 இனங்களுக்கும் மனித உடல்நலத்தின் மீதான தாக்கத்தைத் தனியே குறித்து வைத்ததுதான். காட்டுயிர்த் துறையும் சுகாதாரத் துறையும் வேளாண் துறையும் மீன்வளத் துறையும் தனித்தனிக் கோப்புகளில் எழுதி வைப்பவற்றை ஒரே அட்டவணையில் பார்த்தாலன்றி, ஓர் உயிரினத்தின் முழு உருவம் தெரியாது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின் செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் புகுந்துவந்த இனங்களுள் ஒன்றான வெள்ளிக்கன்னப் பேத்தை மீனை எடுத்துக்கொள்ளலாம். 2003இல் மத்தியதரைக் கடலில் முதன்முதலாகப் பதிவான இம்மீனின் உடலில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. உண்டவர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கக்கூடும். அதே மீன் தன் வலிய பற்களால் வலைகளை அறுத்து, சிக்கிய மீன்களைத் தின்று, சிறு மீனவர்களின் வருமானத்தைக் கெடுக்கிறது. பிடித்துவரும் மீனவர்களுக்கு எடைக்கேற்பப் பணம் கொடுக்கும் நிலைக்குச் சைப்ரஸ் அரசு வந்திருக்கிறது. இதைச் சுகாதாரக் கேடு என்பதா, தொழில் கேடு என்பதா? இரண்டுமேதான், ஆகவே ஒரு துறை மட்டும் கவனித்தால் பாதிதான் கவனித்ததாகும்.

உடல்நலம் என்று வரும்போது கொசுவைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக முடியாது. மலேரியாவையே அறியாதிருந்த மொரீசியசுக்கு, 1860களில், நோயும் அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களும் கப்பல்கள் வழியே வந்து சேர்ந்தன. 1867இல் ஏற்பட்ட கொள்ளைநோயில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள்; கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுள் தமிழர்கள் உட்பட, அந்த மரணங்களின் நடுவே வாழ்ந்தார்கள். அருகிலுள்ள ரீயூனியன் தீவில் 2005–06இல் சிக்குன்குனியா பரவியபோது மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயுற்றனர். அங்கு நோயைப் பரப்பியது ஆசியாவிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே குடியேறியிருந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு. குடியேறிய உயிரினம் பல ஆண்டுகள் பெரிய தீங்கின்றி இருந்துவிட்டு, ஒரு புதிய கிருமி வந்து சேரும்போது பேரிடராக மாறலாம் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. நிலைத்தால் விளையும் கேடு எவ்வளவு என்னும் கணிப்பாளர்களின் மூன்றாவது கேள்வி அவ்வளவு எளிதானதல்ல என்பதற்கும் இதுவே சான்று.

இலங்கையின் கதை இதைவிட நுட்பமானது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்த மலேரியாவை நெடுங்காலம் எதிர்த்துப் போராடி, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து அந்த நாடு பெற்றது. அதே ஆண்டின் இறுதியில், மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும், அதுவரை இலங்கையில் பதிவாகாத கொசுவின் புழுக்கள் கண்டறியப்பட்டன. இந்தியாவில் நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது இந்தக் கொசுதான். மற்ற அனோபிலிஸ் கொசுக்கள் பெரும்பாலும் வயல்களிலும் ஓடைகளிலும் முட்டையிட, இது மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டுமான இடத்துத் தண்ணீரிலும் பெருகக்கூடியது. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இது கண்டறியப்பட்டபோது அந்நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர் மட்டுமே. 2020இல் அந்த எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது.

இந்த இரண்டு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கணிப்பின் உண்மையான பயன் விளங்குகிறது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தைக் கணக்கிட்டுப் பின்னாளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, 2011ஆம் ஆண்டுத் தரவுகளை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஆப்பிரிக்காவில் இக்கொசு வந்திறங்கும் வாய்ப்பு மிகுந்த நாடுகளாகச் சூடானும் ஜிபூட்டியும் முன்னிற்பதைக் காட்டியது. அதாவது, கொசு வந்திறங்குவதற்கு முன்பே தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கேட்பார்தான் இல்லை. இலங்கையில் கேட்கும் அமைப்பு ஒன்று இருந்தது. நோய் ஒழிந்த பின்பும் கொசுக்களைத் தேடிச் சேகரிக்கும் பூச்சியியல் பணியாளர்களை மலேரியா எதிர்ப்பு இயக்கம் கலைத்துவிடவில்லை. அதனால்தான் மன்னாரின் கிணற்றில் புழு கண்ணில் பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அக்கொசு கண்டறியப்பட்டாலும், உள்ளூர் மலேரியா அங்கு மீண்டும் வேரூன்றவில்லை. நோயாளிகளே இல்லாத காலத்தில் கொசு பிடிக்கச் சம்பளம் எதற்கு என்று கேட்கும் நிதி அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் தர இயலாது.

பயிர்களின் பக்கம் வந்தால், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் போல் என்னை வருத்தும் இனம் வேறில்லை. நம் தோப்புகளில் குருத்தைத் துளைத்து, விரிந்த ஓலையைக் கத்தரித்தாற்போல் முக்கோணமாக வெட்டிக் காட்டும் அதே வண்டு, இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட ரப்பர்க் கன்றுகளோடு 1909இல் பசிபிக் தீவான சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னையே உணவும் கூரையும் ஏற்றுமதியுமாக இருந்த தீவுகளில் அது செய்த சேதம் பெரிது. 1963இல் மலேசியாவில் ஆலோயிஸ் ஹூகர் என்னும் ஆய்வாளர் இவ்வண்டைத் தாக்கும் ஒரு வைரசைக் கண்டறிந்தார். 1967இல் அது சமோவாவில் பரப்பப்பட்டு, பிறகு பல தீவுகளில் வண்டைக் கட்டுக்குள் வைத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பசிபிக் தீவினர் அந்தக் கவலையை மறந்திருந்தார்கள்.

2007இல், பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவில் அதே வண்டு மீண்டும் தோன்றியது. ஆனால் இம்முறை வந்த வகையிடம் அந்த வைரஸ் பலிக்கவில்லை. அதன்பின் நடந்தவற்றை முன்கூட்டிச் சொல்ல மேதைமை தேவைப்பட்டிருக்காது. குவாமோடு இராணுவ விமானங்களாலும் கப்பல்களாலும் இடைவிடாத தொடர்பு கொண்டிருந்த ஹவாயின் ஓஹூ தீவில், 2013 டிசம்பரில், பேர்ல் துறைமுகத்தை ஒட்டிய படைத்தளத்தில் வண்டு பிடிபட்டது. 2015இல் சாலமன் தீவுகளின் தலைநகரான ஹொனியாராவில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு குவாமைத் தாக்கிய சூறாவளி வீழ்த்திய மரங்களும் மக்கிய ஓலைகளும் வண்டுப் புழுக்களுக்குப் பெரும் இனப்பெருக்க மேடைகளாயின. 2023இல் ஹவாயின் பிற தீவுகளிலும் அது கண்டறியப்பட்டது. ஒரு தீவில் காலூன்றிய இனம் அந்தத் தீவையே தளமாகக் கொண்டு அடுத்ததற்குத் தாவுகிறது. தாய்நிலத்தில் இருந்து வரும் வழியைவிட, ஏற்கெனவே ஆக்கிரமிக்கப்பட்ட அண்டைத் தீவிலிருந்து வரும் வழியே பல வேளைகளில் அபாயம் மிகுந்தது. ஆகவே, எந்தத் தீவின் பட்டியலிலும் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை, சரக்குப் போக்குவரத்துள்ள அண்டைத் தீவில் சென்ற ஆண்டு புதிதாக என்ன வந்தது என்ற செய்திகள் என்று நான் நம்புகிறேன்.

கணிப்பால் எட்ட முடியாத இடங்களும் உண்டு; அவற்றை மறைத்துவிட்டுக் கணிப்பைப் புகழ்வது நேர்மையாகாது. குவாமுக்கு இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இராணுவச் சரக்குகளோடு வந்ததாகக் கருதப்படும் பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த 12 காட்டுப் பறவை இனங்களுள் பத்தைத் துடைத்தெறிந்தது. பறவைகள் மறையக் காரணம் பாம்புதான் என்று 1987இல் ஜூலி சாவிட்ஜ் என்னும் ஆய்வாளர் நிறுவும்வரை, பூச்சிக்கொல்லியோ நோயோ காரணமாக இருக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மரமேறும் பாம்பு பறவைகளைத் தின்னும் என்று ஒருவர் முன்பே ஊகித்திருக்கலாம். அது மின்கம்பங்களில் ஏறி, 1978 முதல் 1997 வரையிலான இருபது ஆண்டுகளில் 1,600க்கும் மேற்பட்ட மின்தடைகளுக்குக் காரணமாகும் என்றோ, உறங்கும் குழந்தைகளைக் கடித்து மருத்துவமனைக்கு அனுப்பும் என்றோ, பறவைகள் போனபின் காடெங்கும் சிலந்திகள் அண்டைத் தீவுகளில் உள்ளதைவிடப் பல மடங்காகப் பெருகும் என்றோ யார் எழுதியிருப்பார்கள்?

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நேர்ந்தது இன்னொரு வகை. 1869இல் அங்கு இலைகளில் ஆரஞ்சு நிறத் துகளாகத் தோன்றிய துரு நோய்ப் பூஞ்சை, அறிவியலுக்கே அப்போது புதியது. அந்த ஆண்டுதான் அதற்குப் பெயரே சூட்டப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி ஏற்றுமதி சரிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. அம்மாற்றம் அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வையே வேறு வழியில் திருப்பியது. வேறிடத்தில் கேடு செய்த வரலாறு உண்டா என்னும் கேள்வியால், எங்கும் பதிவாகாத ஒரு பூஞ்சையைப் பிடிக்க முடியாது. பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் இன்றும் இப்பட்டியல்களில் குறைவாகவே இடம்பெறுவது எனக்குக் கவலை தருகிறது. பெயர் தெரியாத உயிரினத்தைத் தடுக்க வழி ஒன்றுதான்: இனத்தைப் பார்க்காமல் வழியைப் பார்ப்பது. மண்ணோடு வரும் கன்றுகள், சுத்திகரிக்கப்படாத மரப்பெட்டிகள், சமநிலைக்காகக் கப்பலின் அடியில் நிரப்பி வரும் கடல்நீர் ஆகியவற்றை, அவற்றுள் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையிலும் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

பணக் கணக்கில் ஓர் ஒப்பீடு போதும். சிவப்பு நெருப்பெறும்பு 2001இல் இரண்டு இடங்களில் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் கிடைத்தது ஒரே ஒரு புற்று. அது அழிக்கப்பட்டது, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது, அந்நாடு இன்றும் அவ்வெறும்பு அற்றது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண்டறியப்பட்டபோது எறும்பு ஏற்கெனவே பரவியிருந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் போராட்டம் ஓயாமல், 2023 முதல் 2027 வரையிலான காலத்துக்கு மட்டும் ஏறத்தாழ 59 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடித்தால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும், கால்நடைகளையும் பயிர்களையும் மின்கருவிகளையும் கெடுக்கும் அந்த எறும்பின் 88 புற்றுகள் 2023இல் இத்தாலியின் சிசிலித் தீவில் உறுதிசெய்யப்பட்டன. சிசிலி எந்த வழியில் போகும் என்பது அந்த எண்ணிக்கை வளரும் வேகத்தையும் செலவிடத் துணியும் வேகத்தையும் பொறுத்தது.

ஆனாலும் ஆக்லாந்தின் வெற்றியைப் பற்றி உலகில் எத்தனை பேருக்குத் தெரியும்? வராத எறும்பு செய்தியாவதில்லை. தடுப்பு முழுமையாகப் பலித்தால், கணிப்பு பொய்த்துப்போனதாகத் தோன்றும். பத்தாண்டுகள் கழித்து வரும் ஓர் அமைச்சர், வருவதாகச் சொன்ன பூச்சி எங்கே என்று கேட்டு நிதியை வெட்டலாம். அலங்காரச் செடிகளையும் வளர்ப்பு மீன்களையும் இறக்குமதி செய்யும் வணிகர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஆதாயம் தமக்கும் இழப்பு ஊருக்குமாக இருக்கும் வரை அவர்கள் வேறு விதமாகக் கேட்கக் காரணமில்லை. நுழைவுக் கட்டணமாகவோ காப்பீடாகவோ அந்தச் செலவில் ஒரு பங்கை இறக்குமதியாளர் ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எனவே இத்தகைய பட்டியல் ஒன்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இனங்களின் வரிசையை அல்ல. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வேறு சில விவரங்கள் எழுதப்பட்டுள்ளனவா என்பதையே. அது வந்தால் முதலில் யார் கண்ணில் படும்: துறைமுகப் பணியாளரா, தேனீ வளர்ப்பவரா, மீனவரா? அவர் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்? சொன்ன மறுநாள் களமிறங்க ஆளும் மருந்தும் அதிகாரமும் எந்த அலுவலகத்திடம் இருக்கின்றன? தனியார் நிலத்தில் நுழையச் சட்டம் இடம் தருகிறதா? இவற்றுக்கு விடை எழுதப்பட்ட பட்டியல்கள் மிகக் குறைவு. விடை எழுதுவதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. மீன்வளம், வேளாண்மை, சுகாதாரம், சுங்கம் ஆகிய துறைகளின் அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, முதல் இருபது பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் போதும்.